இரவு வானில் ஜோடியாகப் போகும் அந்தப் புள்ளிகள் என்ன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டைமாடியில் நிற்கும்போது இரண்டு, மூன்று ஒளிப்புள்ளிகள் சேர்ந்தே நகர்ந்து போவதைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானவற்றுக்கு விடை கண்டுபிடிக்கலாம். அதற்கு டெலஸ்கோப் வேண்டாம், சரியாகக் கவனித்துக் குறித்துக்கொள்வதுதான் முக்கியம்.

இரண்டு 'நட்சத்திரங்கள்' ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. செயற்கைக்கோள்தான் என்று எப்படி உறுதி செய்வது?

சிமிட்டாமல், சத்தமில்லாமல், ஒரே சீரான வேகத்தில் சில நிமிடங்கள் நகர்ந்தால் அநேகமாகச் செயற்கைக்கோள்தான். விமானத்துக்குச் சிவப்பு, பச்சை விளக்குகளும் விட்டுவிட்டு அடிக்கும் வெள்ளை விளக்கும் இருக்கும். எரிகல் ஓரிரு வினாடியில் முடிந்துவிடும். டிரோன் நிற்கும், திரும்பும். செயற்கைக்கோள் திரும்பவே திரும்பாது. வளைந்து நெளிந்து போனதாகத் தோன்றினால் அது பெரும்பாலும் கண் செய்யும் மாயம். இருட்டில் ஒற்றைப் புள்ளியையே உற்றுப் பார்த்தால் அசையாத நட்சத்திரம்கூட ஆடுவதுபோல் தெரியும். பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தையோ தென்னை ஓலையையோ வைத்து ஒப்பிட்டால் மாயம் கலைந்துவிடும்.

அடையாளம் காண முதலில் எதைக் குறித்துக்கொள்ள வேண்டும்?

நேரம். அதுவும் வினாடி வரை. "ஏழரை மணி வாக்கில்" என்று சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த அரைமணி நேரத்தில் உங்கள் தலைக்கு மேல் நூற்றுக்கணக்கான செயற்கைக்கோள்கள் கடந்திருக்கும். போனில் நேரத்தைப் பார்த்து "7:12:40, கார்த்திகைக் கூட்டத்துக்குக் கொஞ்சம் கீழே" என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. போகும்போதே வாய்ஸ் ரெக்கார்டரில் பேசிவிடுவது இன்னும் சுலபம். கண்ணை வானத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போயின, இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி, எங்கே மறைந்தன. இடைவெளியை "ஒரு அடி", "இரண்டு இன்ச்" என்று சொல்பவர்கள் நிறைய. வானத்தில் அடிக்கணக்கு செல்லாது, பாகைதான் செல்லும். கையை முழுதாக நீட்டினால் சுண்டுவிரல் அகலம் சுமார் 1 பாகை, நடு மூன்று விரல்கள் சேர்ந்து 5 பாகை, மூடிய முஷ்டி 10 பாகை. முழுநிலவு அரைப் பாகைதான். ஓரியன் இடுப்பிலுள்ள மூன்று நட்சத்திரங்களின் முழு நீளம் மூன்று பாகைக்குச் சற்றுக் குறைவு. சப்தரிஷி மண்டலத்தின் முகப்பில் துருவ நட்சத்திரத்தைக் காட்டும் இரண்டுக்கும் இடையே ஐந்து பாகைக்குச் சற்று மேல்.

பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால், உண்மையிலேயே பக்கத்தில்தான் இருக்கின்றனவா?

பெரும்பாலும் இல்லை. இந்தக் கேள்வி-பதில்களில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கண்ணுக்கு ஜோடியாகத் தெரிபவை பல கிலோமீட்டர் தள்ளி இருப்பவை, உண்மையிலேயே ஒட்டிப் போகிறவை கண்ணுக்கு ஒரே புள்ளியாகத்தான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 கி.மீ. உயரத்தில் நேர் தலைக்கு மேல் போகும் இரண்டுக்கு இடையே சுண்டுவிரல் அகலம் இருந்தால் அது ஏறக்குறைய 9 கி.மீ. உயரம் 1,100 கி.மீ. என்றால் அதே சுண்டுவிரல் 19 கி.மீ. ஜெர்மனியின் டெராசார்-எக்ஸ் (2007), டான்டெம்-எக்ஸ் (2010) இரண்டும் பூமியின் மேடுபள்ளங்களை அளக்கச் சில நூறு மீட்டர் இடைவெளியில் சேர்ந்து பறந்தவை. அவற்றை வெறும் கண்ணால் இரண்டாகப் பிரித்துப் பார்க்கவே முடியாது.

இரண்டும் ஒரே ஏவுதலில் போன உறவா, தற்செயல் சந்திப்பா என்பதற்கு எளிய சோதனை இருக்கிறது. இடைவெளி மாறாமல், ஒரே தடத்தில், ஒரே வேகத்தில் போகின்றனவா? அப்படியானால் உறவு. நெருங்கி வந்து, கடந்து, விலகினால் தற்செயல். இரண்டு பாதைகள் வானத்தில் வெட்டிக்கொள்வது தினமும் நடப்பதுதான். ஒன்று 400 கி.மீ. உயரத்திலும் மற்றது 1,000 கி.மீ. உயரத்திலும் இருந்தாலும் நமக்கு இரண்டும் உரசிக்கொண்டு போனதாகத் தோன்றும்.

மோதிக்கொள்ளவே மாட்டாவா?

மோதியிருக்கின்றன. 2009 பிப்ரவரி 10 அன்று இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33-உம், செத்துப்போன ரஷ்ய காஸ்மாஸ் 2251-உம் சைபீரியாவுக்கு மேலே, 790 கி.மீ. உயரத்தில் மோதிச் சிதறின. முழு செயற்கைக்கோள்கள் இரண்டு தற்செயலாக மோதிக்கொண்டது அதுவே முதல் முறை. ஆனால் நீங்கள் மாடியிலிருந்து பார்த்து "மயிரிழையில் தப்பியது" என்று நினைப்பது அநேகமாக மேலே சொன்ன பார்வைக்கோட்டுச் சந்திப்புதான்.

நேர்கோட்டில் இருபது, முப்பது புள்ளிகள் வரிசையாகப் போயின. அது?

ஸ்டார்லிங்க், அதாவது இணையச் சேவைக்கான செயற்கைக்கோள் கூட்டம். இதைப் பற்றி இன்று அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஒரே ராக்கெட்டில் இருபதுக்கு மேற்பட்டவற்றை ஏவி, தாழ்வான உயரத்தில் மொத்தமாக விடுவிக்கிறது. முதல் சில நாள்கள் அவை ரயில்பெட்டி மாதிரி ஒட்டிப் போகும். பிறகு ஒவ்வொன்றும் 500 கி.மீ. சுற்றுவட்டாரத்துக்கு உயர்ந்து, பாதை முழுக்கப் பரவி, மங்கிவிடும். முதல் 60 செயற்கைக்கோள்கள் 2019 மே மாதம் ஏவப்பட்டன. மறுநாள் இரவே செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் நெதர்லாந்துக்காரர் மார்கோ லாங்புரூக் அந்த வரிசையைப் படம்பிடித்து வெளியிட்டார். அன்றைக்குத்தான் உலகம் முழுக்க இந்தக் கேள்வி ஆரம்பித்தது.

பழைய ரயிலின் மிச்சம்தான் பலரைக் குழப்புகிறது. ஏவிச் சில வாரங்கள் ஆனபின் பத்து, இருபது வினாடிக்கு ஒன்றாக, அதே தடத்தில் தனித்தனிப் புள்ளிகள் வந்துகொண்டே இருக்கும். முதல் இரண்டை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போனவருக்கு அது 'ஜோடி'. ஜோடி ஒன்றைப் பார்த்தால் அதே இடத்தைப் பார்த்தபடி இன்னும் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

சீனாவும் இப்போது இந்த ஆட்டத்தில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் சியான்ஃபான் என்ற இணையச் செயற்கைக்கோள் தொகுதியின் முதல் 18 செயற்கைக்கோள்களை ஏவியது. ஸ்டார்லிங்கைவிட உயரத்தில், ஏறக்குறைய வடக்கு–தெற்காக ஓடுபவை.

மூன்று புள்ளிகள் முக்கோணமாக, வடிவம் கலையாமல் போயின. இது விமானமும் இல்லையே?

நீங்கள் பார்த்தது கடற்படை வேவுக்கான செயற்கைக்கோள்களாக இருக்க நிறைய வாய்ப்பு. வெறும் கண்ணுக்குக் கிடைக்கும் காட்சிகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

கடலில் போகும் கப்பல் ரேடாரையோ ரேடியோவையோ இயக்கினால், அந்த அலை மூன்று செயற்கைக்கோள்களையும் மிக மிகச் சிறிய நேர வித்தியாசத்தில் வந்தடையும். அந்த வித்தியாசத்தை வைத்துக் கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்கிடலாம். ஒன்று போதாது, தள்ளித் தள்ளி இரண்டு, மூன்று வேண்டும். அதனால்தான் கூட்டமாகப் பறக்கின்றன. அமெரிக்கா இந்த மூவர் கூட்டத்தை முதலில் ஏவியது 1976-இல். அந்த வரிசைக்கு நாஸ் என்று பெயர். 2001-இலிருந்து வந்த அடுத்த தலைமுறை இருவர் இருவராகப் போகிறது. சீனா 2010 மார்ச் 5 அன்று யாவ்கான் 9 என்ற பெயரில் தன் முதல் மூவரை ஏவியது. யாவ்கான் 16, 17 என்று அதே பாணியில் இன்னும் சில கூட்டங்கள் பின்னால் வந்தன.

இரண்டு நாட்டுக் கூட்டங்களும் சுமார் 1,100 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 63.4 பாகை சாய்ந்த பாதையில் சுற்றுகின்றன. அதனால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பார்த்தால் தென்மேற்கை ஒட்டிய தெற்கிலிருந்து வடகிழக்கை ஒட்டிய வடக்குக்கு, அல்லது வடமேற்கை ஒட்டிய வடக்கிலிருந்து தென்கிழக்கை ஒட்டிய தெற்குக்குப் போகும். உயரம் அதிகம் என்பதால் மெதுவாகத்தான் நகரும். பன்னாட்டு விண்வெளி நிலையம் உச்சியில் ஒரு முஷ்டி அகலத்தைப் பத்து வினாடிக்குள் கடந்துவிடும், 500 கி.மீ.யில் இருக்கும் ஸ்டார்லிங்குக்கு 12 வினாடி வாக்கில் ஆகும். இந்த முக்கோணத்துக்கு 25 வினாடிக்கு மேல். மங்கலாகத்தான் இருக்கும். நகர வெளிச்சத்தில் கஷ்டம். ஊர்ப்பக்கம் நிலவில்லாத இரவில், பைனாகுலர் இருந்தால் நன்றாகத் தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது முக்கோணத்தின் வடிவம் மெல்ல மாறுவதும் தெரியும். அவை ஒன்றோடொன்று கட்டப்படவில்லை. ஒவ்வொன்றும் தன் பாதையில் போகிறது, பார்க்கும் கோணமும் மாறுகிறது.

"நடுவில் ஒரு பெரிய கருப்பு உருவம் இருந்தது, மூலைகளில் மட்டும் விளக்கு" என்று சொல்பவர்கள் உண்டு. மூன்று புள்ளிகளை மூளை கோடு போட்டு இணைத்துவிடுகிறது. முக்கோணத்தின் நடுவே நட்சத்திரங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் நடுவில் ஒன்றுமில்லை.

யாவ்கான் கூட்டமா, நாஸ் கூட்டமா என்று பிரிக்க ஒரு வழி: யாவ்கானின் பாதைத் தரவு அமெரிக்க விண்வெளிப் படையின் பொதுப் பட்டியலில் இருக்கிறது, செயற்கைக்கோள்களைக் காட்டும் செயலிகளில் வரும். நாஸின் பாதையை அமெரிக்கா வெளியிடுவதில்லை. ஆர்வலர்கள் வானத்தைப் பார்த்து, நேரம் குறித்து, கணக்கிட்டுச் சொல்லும் பாதைதான் உண்டு. அதைச் சேர்த்துக்கொண்ட செயலியில் மட்டுமே கிடைக்கும். வினாடிக் கணக்கில் நேரம் குறிப்பது வெறும் பொழுதுபோக்கில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

விண்வெளி நிலையத்துக்கு முன்னாலோ பின்னாலோ இன்னொரு மங்கலான புள்ளி போனது. அது என்ன?

ஆள்களையோ சரக்கையோ ஏற்றிக்கொண்டு நிலையத்தை நோக்கிப் போகும் அல்லது அங்கிருந்து புறப்பட்ட கலம். டிராகன், சோயுஸ், பிராக்ரஸ், சிக்னஸ் போன்றவற்றில் ஒன்று. அந்தத் தேதியில் ஏதாவது இணைப்போ பிரிப்போ நடந்ததா என்று செய்தியில் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். முன்பு அமெரிக்காவின் ஷட்டில் விண்கலங்கள் இருந்த காலத்தில் இந்தக் காட்சி இன்னும் அட்டகாசம். 2011 ஜூலை 19 அன்று அட்லான்டிஸ் கடைசி முறையாகப் பிரிந்தபோது, தரையிறங்கும் வரை இரண்டு பிரகாசமான புள்ளிகள் அடுத்தடுத்துப் போயின.

சீனாவின் தியான்காங் நிலையத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதுவும் பிரகாசம்தான், உயரமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பாதை வேறு: பன்னாட்டு நிலையத்தின் சாய்வு 51.6 பாகை, தியான்காங்கின் சாய்வு 41.5 பாகை. எப்போதாவது ஒரே மாலையில் இரண்டும் நம் வானைக் கடக்கும், பாதைகள் குறுக்கே வெட்டும். ஒட்டியபடி போகாது. லண்டனில் இருப்பவர்களுக்குத் தியான்காங் தெற்கே தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாகத்தான் கிடைக்கும். தமிழ்நாட்டில், இலங்கையில் தலைக்கு மேலேயே வரும்.

ஒரே தடத்தில் இரண்டு, நடுவே அரை நிமிட இடைவெளி. இவை ஜோடியா?

இருக்கலாம். இப்படிப் பின்தொடர்ந்து போகிறவற்றுக்கு வினாடியை கிலோமீட்டராக மாற்றுவது எளிது. முதலாவது ஒரு நட்சத்திரத்தைத் தொட்டதிலிருந்து இரண்டாவது அதே நட்சத்திரத்தைத் தொடும் வரை எண்ணுங்கள், அதை 7.6-ஆல் பெருக்குங்கள். தாழ்பாதைச் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏறக்குறைய அவ்வளவு கிலோமீட்டர் போகிறது.

2018 மே 22 அன்று ஏவப்பட்ட, பூமியின் ஈர்ப்பை அளக்கும் கிரேஸ்-எஃப்ஓ ஜோடி சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஓடுகிறது. வகுத்தால் 29 வினாடி. கீழே மலையோ பெரிய நீர்த்தேக்கமோ பனிப்படலமோ வந்தால் ஈர்ப்பு கொஞ்சம் கூடும். முன்னது முதலில் அதை உணர்ந்து சற்று முந்தும், பின்னது பிறகு உணரும். அந்த நுண்ணிய இடைவெளி மாற்றத்தை அளந்துதான் நிலத்தடி நீர் எங்கே வற்றுகிறது, பனி எங்கே உருகுகிறது என்று கணக்கிடுகிறார்கள். பைனாகுலர் இல்லாமல் பார்ப்பது கடினம், ஆனாலும் காத்திருந்து பார்க்கத் தகுந்த ஜோடி.

இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் ஜோடியைப் பார்த்திருக்க முடியுமா?

கண்ணால் கஷ்டம். விண்வெளியில் இணைந்து பிரியும் சோதனைக்காக அனுப்பிய இவை ஒவ்வொன்றும் 220 கிலோதான். 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி60 எடுத்துப்போன இவை 470 கி.மீ. உயரத்தில் மெல்ல நெருங்கி, 2025 ஜனவரி 16 அன்று இணைந்தன. மார்ச் 13 அன்று பிரிந்தன. சில மீட்டர் தூரத்தில் நின்ற அந்தப் பரபரப்பான நாள்களில் கீழிருந்து பார்த்தால் அவை ஒரே புள்ளி.

ஜோடியில் ஒன்று சீராக ஒளிர்ந்தது, மற்றது விட்டுவிட்டு மின்னியது. ஏன்?

மின்னுவது அநேகமாக ராக்கெட்டின் மேல்கட்டம். வேலை முடிந்ததும் கட்டுப்பாடின்றிக் குட்டிக்கரணம் அடித்தபடி சுற்றும். அதன் நீண்ட பக்கம் நம்மை நோக்கித் திரும்பும்போதெல்லாம் பளிச்சிடும். ஏவிய முதல் நாள்களில் செயற்கைக்கோளும் அதை ஏற்றிவந்த கட்டமும் கிட்டத்தட்ட ஒரே பாதையில்தான் இருக்கும்.

இந்தக் கதை முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. 1957 அக்டோபர் 4-க்குப் பிறகு "ஸ்புட்னிக்கைப் பார்த்தோம்" என்று சொன்னவர்களில் பெரும்பாலானோர் பார்த்தது அதைச் சுமந்துபோன ராக்கெட்டின் மையக் கட்டத்தை. ஸ்புட்னிக் அரை மீட்டருக்குச் சற்றுப் பெரிய பந்து, வெறும் கண்ணின் எல்லையில் இருந்தது.

ஒரே இடத்தில் அடுத்தடுத்துப் புள்ளிகள் தோன்றிப் பளிச்சிட்டு மறைகின்றன. ஒன்றையொன்று சுற்றுவதுபோல் இருக்கிறது.

தொடுவானத்தை ஒட்டி, நள்ளிரவுக்குச் சில மணி நேரம் முன்போ பின்போ பார்த்தீர்களா? இதுவும் ஸ்டார்லிங்க்தான், வேறு முகம். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே சுமார் 40 பாகையில் இருக்கும்போது, அதற்கு நேர் மேலே, வானத்தின் அடிப்பகுதியில் ஒரு சிறு பகுதியைக் கடக்கும் ஒவ்வொரு ஸ்டார்லிங்கும் கண்ணாடிபோலச் சூரிய ஒளியை நம் பக்கம் திருப்பும். வெவ்வேறு பாதைகளில் வருவதால் சில இடமாக, சில வலமாக நகரும். பார்ப்பவருக்கு வட்டமடிப்பதாகத் தோன்றும். இரவில் பறக்கும் விமானிகள் பலர் பறக்கும் தட்டு என்று புகார் செய்தது இதைத்தான்.

பாதி வழியில் இரண்டும் அணைந்துபோயின. ஏன்?

பூமியின் நிழலுக்குள் போய்விட்டன. செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. நமக்கு இருட்டி, அங்கே இன்னும் வெயில் இருக்கும் நேரத்தில்தான் தெரியும். மாலையில் நிழல் கிழக்கிலிருந்து ஏறும், அதனால் கிழக்குப் பக்கம் போகும்போது மறையும். விடியலில் மேற்குப் பாதியில் திடீரென்று முளைக்கும்.

தமிழ்நாட்டில் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் போல ஆனால் 550 கி.மீ. உயரத்தில் தலைக்கு மேல் போவது நிழலுக்குள் இருக்கும். 1,100 கி.மீ.யில் போவது இரண்டு மணி நேரம் தாண்டியும் தெரியும். இரவு ஒன்பது மணிக்கு உச்சியில் ஒரு ஜோடி தெளிவாகத் தெரிந்தால் அது உயரமான பாதை என்று அதிலிருந்தே ஊகிக்கலாம். லண்டன், ஓஸ்லோ பக்கம் கோடையில் இந்தக் கணக்கு உதவாது; அங்கே இரவு முழுக்க வெயில் மேலே இருக்கும்.

இன்னொரு துப்பும் இதில் கிடைக்கிறது. முன்னது மறைந்த அதே இடத்தில் பின்னதும் மறைந்தால் இரண்டும் ஒரே உயரம். ஒன்று முன்பே மறைந்து, மற்றது கிழக்கே இன்னும் வெகுதூரம் போய் மறைந்தால் உயரம் வேறு, உறவும் இல்லை.

கிழக்கிலிருந்து மேற்காகப் போனது. செயற்கைக்கோள் அப்படிப் போகுமா?

அரிதாகப் போகும். பூமி சுழலும் வேகத்தை இலவசமாகப் பெற எல்லோரும் கிழக்கு நோக்கித்தான் ஏவுவார்கள். துருவப் பாதையில் போகும் புவிநோக்குச் செயற்கைக்கோள்கள் வடக்கு–தெற்காக, லேசாக மேற்கே சாய்ந்து போகும். நேராக மேற்கே போவது என்றால் இஸ்ரேலின் ஒஃபெக் வரிசையை நினைக்கலாம். கிழக்கே அண்டை நாடுகள் இருப்பதால் மத்தியதரைக்கடல் மேல் மேற்கு நோக்கி ஏவுகிறார்கள். மற்றபடி கிழக்கிலிருந்து மேற்கே ஜோடி போனால் முதலில் விமானமா என்று பாருங்கள்.

நெருப்புத் துண்டுகள் கூட்டமாகப் போயின. அதுவும் ஸ்டார்லிங்கா?

இல்லை. வால் நீண்டு, ஆரஞ்சு நிறத்தில், துண்டுகள் உதிர்ந்தபடி ஒன்றிரண்டு நிமிடம் போனால் ஏதோ ஒரு விண்குப்பை காற்றுமண்டலத்தில் எரிகிறது. 2022 ஏப்ரல் 2 மாலை மகாராஷ்டிரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தது சீனாவின் லாங் மார்ச் ராக்கெட்டின் கட்டம். சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பெரிய உலோக வளையமே விழுந்தது.

செயலியில் தேடினால் ஒரே நேரத்துக்குப் பத்து பெயர் வருகிறது. எதை எடுப்பது?

ஹெவன்ஸ்-அபவ் தளத்திலோ ஸ்டெல்லேரியம் செயலியிலோ உங்கள் ஊரைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குப் போங்கள். மங்கலானவற்றையும் காட்டும்படி அமைப்பை மாற்றுங்கள். பலர் விடும் படி இதுதான். பிறகு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாதையைப் பொருத்துங்கள். திசை தவறினால் தள்ளுங்கள், வேகம் தவறினால் தள்ளுங்கள். மீதி ஒன்றிரண்டுதான் இருக்கும்.

ஜோடி என்றால் பன்னாட்டுக் குறியீட்டைப் பாருங்கள். ஒரே ராக்கெட்டில் போனவற்றுக்கு ஆண்டும் ஏவுதல் எண்ணும் ஒன்றாகவே இருக்கும், கடைசி எழுத்து மட்டும் மாறும். கிரேஸ்-எஃப்ஓ ஜோடி 2018-047ஏ, 2018-047பி. முதல் பகுதி பொருந்திவிட்டால் உறவு உறுதி.

தரவு பழையதாக இருந்தால் நேரம் பிசகும். புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் தினமும் உயரம் ஏறுவதால் நிமிடக் கணக்கில்கூடத் தள்ளிப்போகும். பார்த்த மறுநாளுக்குள் தேடுவது நல்லது; ஒரு மாதம் கழித்துத் தேடினால் அன்றைய தேதிக்கான பழைய தரவு தேவைப்படும்.

போனில் படம் எடுத்தால் உதவுமா?

நிச்சயம். போனைச் சுவரில் சாய்த்துவைத்து, பத்து வினாடி திறந்திருக்கும்படி எடுங்கள். செயற்கைக்கோள் தொடர்ந்த கோடாக விழும், விமானம் புள்ளி புள்ளியாக விழும். பின்னணியில் நான்கைந்து நட்சத்திரங்கள் விழுந்திருந்தால் பாதையைத் துல்லியமாகப் பொருத்தலாம். கோட்டின் நீளத்தைப் பத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது மட்டும் ஃபைலாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்தோடு இருக்கும் நேரக் குறிப்பு போய்விடும், மங்கலான கோடும் அழிந்துவிடும்.